இரும்பை இறக்கிவைத்த பெட்டி

ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் என்ற ஆம்ப்ளிஃபையரின் எடை ஏறத்தாழ 29 கிலோ. 1963-இல் வந்தது, வால்வுகளால் இயங்குவது, ஆற்றல் 85 வாட். அமெரிக்கக் கன்ட்ரி இசைக் குழுக்களில் பெடல் ஸ்டீல் கிதார் வாசித்தவர்கள் பலரும் அதை வேனில் ஏற்றி இறக்கி இடுப்பு வலியோடு வீடு திரும்பியவர்கள். அந்த 29 கிலோவில் மரப்பெட்டியும் இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்களும் அடக்கம். அவற்றைக் கழித்தாலும் மிஞ்சும் மின்சுற்றை ஒற்றைக் கையால் தூக்குவது சிரமம். இன்றோ 50 வாட் தரும் ‘ஹெட்’ ஒரு கிலோவை ஒட்டியும், 200 வாட் தரும் ஹெட் இரண்டு கிலோவுக்குள்ளும் கிடைக்கின்றன. ஸ்பீக்கர் இல்லாமல் மின்சுற்று மட்டும் தனிப் பெட்டியாக இருந்தால் அதற்கு ஹெட் என்று பெயர். அப்படியானால் நடுவில் காணாமல் போன இத்தனை கிலோவும் எங்கே போயிற்று? அது போனதில் நாதத்துக்கு ஏதாவது நஷ்டம் உண்டா? தோளில் மாட்டிக்கொண்டு போக ஒரு ஹெட் வாங்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது இவைதான். கடைக்காரர் முதலில் சொல்லப்போவது வாட் கணக்கு.

புனேயின் வடபுறத்தில், ஆளந்தி சாலையில் இருக்கிறது விஷ்ராந்த்வாடி. ஆண்டுதோறும் ஆஷாட ஏகாதசிக்கு முன்பு ஞானேஸ்வரர் பல்லக்கு ஆளந்தியிலிருந்து கிளம்பி இந்த வழியாகத்தான் புனேவுக்குள் நுழைந்து பண்டரிபுரம் நோக்கிப் போகிறது. தோளில் வீணா, கையில் தாளம், கழுத்தில் பக்வாஜ் என்று வார்கரிகள் எனப்படும் பாதயாத்திரிகர்கள் கொண்டுவரும் வாத்தியங்களில், வாசித்துக்கொண்டே நடக்க முடியாதது எதுவும் கிடையாது. இதே விஷ்ராந்த்வாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் ஒருவருக்குப் பெடல் ஸ்டீல் மேல் ஆசை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கருவியே பெட்டியோடு 20 கிலோவை எட்டும். கோரேகான் பார்க்கிலோ கட்கியிலோ வாசிக்கப் போனால் ஆட்டோவில்தான் போக வேண்டும். வெளியூர் என்றால் சில கிலோமீட்டரில் லோஹகாவ் விமான நிலையம். அங்கே கைப்பையின் எல்லை 7 கிலோ. இவருக்கு எடை குறைந்த ஹெட் என்பது சொகுசு சமாசாரம் இல்லை. அது இல்லாவிட்டால் வாத்தியம் வீட்டை விட்டு வெளியே போகாது.

பெடல் ஸ்டீலைப் பார்த்திராதவர்களுக்கு அது ஒரு மேசை போலத்தான் தெரியும். கால்கள் மேல் நிற்கும் நீண்ட பலகை, அதன் மேல் பத்துத் தந்தி. விரலால் அழுத்தும் வேலை கிடையாது. இடது கையில் உருண்டையான எஃகுத் தண்டு தந்திகள் மேல் வழுக்கிப் போகும்; வலது கை விரல்களில் மீட்டும் கவசங்கள். பலகைக்கு அடியில் மூன்று நான்கு பெடல்கள், முழங்கால்களின் இரு பக்கமும் நெம்புகோல்கள். ஒரு பெடலை அழுத்தினால் குறிப்பிட்ட தந்தியின் சுருதி மட்டும் ஏறும். மற்றத் தந்திகள் அசையாமல் நிற்கும். இ-9 என்ற வழக்கமான சுருதியமைப்பில் முதல் பெடல், ஐந்தாம் தந்தியை ‘பி’யிலிருந்து ‘சி ஷார்ப்’புக்கு இழுத்துக்கொண்டு போகும். பக்கத்துத் தந்தி ‘இ’யில் அப்படியே நிற்க, இது மட்டும் அதை நோக்கி ஏறும். 1954-இல் வெப் பியர்ஸ் பாடிய ‘ஸ்லோலி’ என்ற பாட்டில் பட் ஐசக்ஸ் இதைச் செய்து காட்டியதும், நாஷ்வில் நகரத்து வாத்தியக்காரர்கள் அவசர அவசரமாகத் தங்கள் கருவிகளில் பெடல் பொருத்த ஆரம்பித்தார்கள்.

இந்தியாவில் பெடல் ஸ்டீல் மிக அரிது. ஆனால் அதற்கு மூத்ததான ஹவாய் கிதார் இங்கே நெடுநாள் குடியிருந்தது. ஹவாய்க் கலைஞர் டவ் மோ 1940-களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தார், சொல்லிக்கொடுத்தார். பின்னர் அதே நகரத்தில் சுனில் கங்குலி எலெக்ட்ரிக் ஹவாய் கிதாரில் சினிமாப் பாட்டுகளை இசைத்தட்டு இசைத்தட்டாக வாசித்துத் தள்ளினார். லக்னோவில் பிறந்த வான் ஷிப்லி பம்பாய் சினிமாவில் வயலினும் எலெக்ட்ரிக் கிதாருமாகப் பெயர் எடுத்தார். ஜோத்பூர்க்காரரான பிரிஜ் பூஷண் காப்ரா அலி அக்பர் கானிடம் கற்று, இதே கருவியை ராகத்துக்குக் கொண்டுவந்தார். 1967-இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியாவோடு அவர் வாசித்த ‘கால் ஆஃப் தி வேலி’ இன்னும் விற்கிறது. அவருக்குப் பின் வந்த விஸ்வமோகன் பட் தன் மோகன வீணையில் வாசித்த இசைத்தட்டுக்காக 1994-இல் கிராமி விருதே வாங்கினார்.

இத்தனை பேர் இருந்தும் இங்கே ஒருவருக்கும் பெடல் தேவைப்படவில்லை என்பது யோசித்துப் பார்க்க வேண்டிய விஷயம். பெடல் தீர்ப்பது, ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களில் ஒன்று நகர மற்றது நிற்க வேண்டும் என்ற பிரச்சினையை. ராக சங்கீதத்தில் அந்தப் பிரச்சினையே கிடையாது. நகர்வது ஒரே இழை, நிற்பது தம்புரா. தண்டை வழுக்கினாலே ஆகிவிடும் வேலைக்குப் பெடல் எதற்கு? ஆகவே நம்மவர்கள் அந்த இடத்தில் அனுநாதத் தந்திகளைக் கட்டினார்கள். பின்தங்கியதால் பெடல் வரவில்லை என்று நினைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் இன்னொரு தேவை இரு பக்கமும் ஒன்றுதான்: மீட்டிய பிறகு சுரம் நீடிக்க வேண்டும். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸை நினைத்துப் பாருங்கள். சாதாரண மாண்டலினில் இரட்டை இரட்டையாக எட்டுத் தந்தி. ஓசை ‘டக்’கென்று எழுந்து உடனே அடங்கிவிடும். அதில் கமகத்தை எங்கே நிறுத்துவது? அவர் ஐந்து ஒற்றைத் தந்திகளுக்கு மாறினார், எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்தார். தந்தியின் அதிர்வு மெலிந்த பிறகும் ஆம்ப்ளிஃபையர் அதைக் காதுக்கு எட்டும் அளவில் வைத்திருந்தது; அந்த மிச்ச அதிர்வின் மேல்தான் தோடியும் பைரவியும் அசைந்தன. உடல் அதிர்ந்து ஒலி தர வேண்டிய கட்டாயம் நீங்கினால் தந்தி தன் ஆற்றலை மெதுவாகச் செலவழிக்கும் என்பதே இதன் பின்னால் உள்ள இயற்பியல். விற்பனைக்கு வந்த முதல் எலெக்ட்ரிக் கிதார்களில் ஒன்று, 1930-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் பௌசாம்ப் வடிவமைத்து ரிக்கன்பேக்கர் தயாரித்த ‘வாணலி’ கிதார். அது மடியில் வைத்து வாசிக்கும் ஹவாய் கிதார் என்பதில் ஆச்சரியமே இல்லை. மடியில் மல்லாந்து கிடந்து கூரையைப் பார்த்துப் பாடும் வாத்தியத்துக்குத்தானே மின்சாரம் முதலில் தேவைப்படும்!

*

இப்போது இரும்புக்கு வருவோம்.

நம் சுவரில் வருவது 230 வோல்ட், நொடிக்கு 50 சுழற்சி. ஆம்ப்ளிஃபையருக்கு வேறு வோல்டேஜ் வேண்டும் என்பதால் இடையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிறது. அதன் அளவை நிர்ணயிப்பது ஒரே ஒரு பெருக்கல்: கம்பிச் சுற்றுகளின் எண்ணிக்கை, இரும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு, இரும்பு தாங்கும் காந்தப் புலம், அதிர்வெண் ஆகிய நான்கையும் பெருக்கி, அதை 4.44 என்ற மாறிலியால் பெருக்கினால் வோல்டேஜ் வரும். டிரான்ஸ்ஃபார்மர் தகட்டின் புலத்தை 1.2 டெஸ்லா என்று வைத்துக்கொண்டு, குறுக்குவெட்டு 10 சதுர சென்டிமீட்டர் என்றால், 230 வோல்ட்டுக்குச் சுமார் 860 சுற்று சுற்ற வேண்டும். அதிர்வெண்ணை 50-இலிருந்து 1,00,000-க்கு உயர்த்துங்கள். இந்த வேகத்தில் தகடு சூடாகிவிடும் என்பதால் ஃபெரைட் என்ற பீங்கான் போன்ற பொருளுக்கு மாறி, புலத்தையும் 0.1 டெஸ்லாவாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். அப்படியும் ஒரே ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்குவெட்டில் 50 சுற்றுச் சொச்சம் போதும்.

கிணற்றிலிருந்து தொட்டியை நிரப்ப, குடம் எடுத்துக்கொண்டு நிதானமாக நடக்கலாம்; சொம்பு எடுத்துக்கொண்டு ஓட்டமாக ஓடலாம். 50 ஹெர்ட்ஸில் 100 வாட்டை அனுப்ப ஒவ்வொரு சுழற்சியிலும் 2 ஜூல் போக வேண்டும். 1,00,000 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு தடவையும் ஆயிரத்தில் ஒரு ஜூல் போனால் போதும். குடம்தான் அந்த இரும்பு. 300 வாட் தாங்கும் பழைய பாணி டிரான்ஸ்ஃபார்மர் மூன்று நான்கு கிலோ இருக்கும். அதே வேலையை அதிக அதிர்வெண்ணில் செய்யும் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச்டு மோட் பவர் சப்ளை) பலகை சில நூறு கிராம். மடிக்கணினியின் சார்ஜரிலும், கம்ப்யூட்டரின் பவர் சப்ளையிலும் இருப்பது இதே சங்கதிதான்.

வால்வு ஆம்ப்ளிஃபையரில் இன்னொரு டிரான்ஸ்ஃபார்மரும் உண்டு. வால்வுகள் அதிக வோல்டேஜில் குறைந்த மின்னோட்டம் தருபவை. ஸ்பீக்கருக்கோ நேர்மாறாக வேண்டும். அந்தத் தரகு வேலைக்கு ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு இரும்புக் கட்டி. அதை எஸ்எம்பிஎஸ் தந்திரத்தால் சுருக்க முடியாது, ஏனென்றால் அது கடத்த வேண்டியது இசையையே. கிதாரின் கீழ்ச்சுரம் 80 ஹெர்ட்ஸ் என்றால் அந்த 80 ஹெர்ட்ஸையும் அது தாங்க வேண்டும். டிரான்சிஸ்டர் வந்ததும் அந்தக் கட்டி கழன்றது. பீவி நிறுவனம் நாஷ்வில் 400 போன்ற, 15 அங்குல ஸ்பீக்கர் கொண்ட டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்களால் ஸ்டீல் வாசிப்பவர்களின் மனத்தில் இடம்பிடித்தது இப்படித்தான். ஆனால் மின்சப்ளை டிரான்ஸ்ஃபார்மர் அப்படியே இருந்தது. கூடவே ஒரு புதுச் சுமையும் சேர்ந்தது: வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத் தகடுகள்.

வழக்கமான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் குழாயைப் பாதி திறந்து தண்ணீரை அளக்கிற மாதிரி வேலை செய்கிறது. தடுத்து நிறுத்தியதெல்லாம் வெப்பமாகிறது. முழு ஆற்றலில் அதன் உச்சத் திறன் 78.5 சதவீதம் என்று பாடப்புத்தகம் சொல்லும். சொல்லாமல் விடுவது, இசை முழு ஆற்றலில் ஓடுவதே இல்லை என்பதை. 100 வாட் ஆம்ப்ளிஃபையர் 10 வாட் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அதன் திறன் சுமார் 25 சதவீதம்தான். அதாவது சுவரிலிருந்து 40 வாட் வாங்கி 30 வாட்டைச் சூடாக்கிக் காற்றில் விடுகிறது. மே மாதப் புனேயில், ஏற்கெனவே வெக்கையாக இருக்கும் அறையில், இது சின்ன விஷயம் இல்லை.

‘டி கிளாஸ்’ ஆம்ப்ளிஃபையரில் பாதி திறப்பது என்பதே கிடையாது. முழுக்கத் திற, முழுக்க மூடு. நொடிக்குப் பல லட்சம் தடவை இப்படித் திறந்து மூடுகிறார்கள். இசை மேலே போகும்போது திறந்திருக்கும் நேரம் கொஞ்சம் நீள்கிறது, கீழே வரும்போது குறைகிறது. கடைசியில் ஒரு காயிலும் கெபாசிட்டரும் அந்தத் துடிப்புகளைச் சராசரி பிடித்து இசையை மட்டும் ஸ்பீக்கருக்கு விடுகின்றன. முழுக்கத் திறந்த சுவிட்சில் வோல்டேஜ் இழப்பு கிட்டத்தட்ட இல்லை. முழுக்க மூடியதில் மின்னோட்டமே இல்லை. ஆகவே சூடும் அதிகம் இல்லை. 90 சதவீதத் திறன் சர்வ சாதாரணம். அலுமினியத் தகடும் போயிற்று.

இந்த யோசனை புதிதல்ல. 1964-இல் இங்கிலாந்தில் கிளைவ் சின்க்ளேர் எக்ஸ்-10 என்ற பெயரில் இதைப் பாகங்களாக விற்றார். அன்றைய டிரான்சிஸ்டர்களால் அவ்வளவு வேகமாகச் சுவிட்ச் ஆக முடியவில்லை, சொன்ன வாட்டும் வரவில்லை, பக்கத்து ரேடியோவில் இரைச்சல் கிளம்பியதுதான் மிச்சம். மாஸ்ஃபெட் என்ற வேகமான டிரான்சிஸ்டர்கள் மலிவாகக் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரேடியோ இரைச்சல் விஷயம் இன்றைக்கும் உண்டு. 400 கிலோஹெர்ட்ஸில் சுவிட்ச் ஆகும் ஹெட்டின் இரண்டாம் மடங்கு 800. ஆகாசவாணி புனேயின் மீடியம் வேவ் நிலையம் 792. ஸ்பீக்கர் வயரைச் சுருட்டாமல் நீளமாக விரித்துப் போட்டால் அது ஏரியல் ஆகிவிடும்.

அமெரிக்காவில் க்யூஎஸ்சி ஒலிபெருக்கி நிறுவனத்தைத் தொடங்கிய பாட் குவில்டர், 2011-இல் குவில்டர் லேப்ஸ் என்ற தனி நிறுவனத்தை ஆரம்பித்து, எஸ்எம்பிஎஸ்ஸையும் டி கிளாஸையும் சேர்த்துக் கிதாருக்கென்றே சிறிய ஹெட்டுகள் செய்ய முனைந்தார். பெடல் ஸ்டீலுக்கென்றே ‘ஸ்டீல்ஏர்’ என்ற மாதிரியும் அங்கிருந்து வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய மில்க்மேன் நிறுவனம் முன்பகுதியில் ஒரு வால்வு, பின்பகுதியில் டி கிளாஸ் என்று கலந்து கட்டுகிறது. அதை நடத்தும் டிம் மார்க்கஸ் தாமே ஸ்டீல் வாசிப்பவர்.

*

இரும்பு போனதால் நாதம் போகவில்லை. ஆனால் பெடல் ஸ்டீலுக்கு மட்டும் சில கறாரான தேவைகள் உண்டு. அவை விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் வருவதில்லை.

முதலாவது, மிச்சம் வைத்திருக்கும் பலம். ராக் கிதார்க்காரர் ஆம்ப்ளிஃபையரை வேண்டுமென்றே திணறவிட்டு அந்தக் கரகரப்பை ரசிப்பார். ஸ்டீலில் அதே கரகரப்பு என்ன செய்யும் என்று ஒரு கணக்குப் போடலாம். ‘இ’ தந்தி 329.6 ஹெர்ட்ஸ், ‘பி’ தந்தி 246.9. திணறும் ஆம்ப்ளிஃபையர் இரண்டின் வித்தியாசத்தையும் ஒரு சுரமாக உற்பத்தி செய்யும்: 82.7. இப்போது பெடலை அழுத்தி ‘பி’யை ‘சி ஷார்ப்’ ஆக்குகிறோம், அதாவது 277.2. வித்தியாசம் 52.4 ஆகிவிடுகிறது. தந்தி மேலே ஏற ஏற, யாரும் மீட்டாத ஒரு கள்ளச் சுரம் அடியில் சறுக்கி இறங்குகிறது! பெடல் ஸ்டீலின் அழகே ஒன்று நின்று ஒன்று நகர்வதில் இருக்க, அங்கே மூன்றாவதாக ஒன்று எதிர்த்திசையில் நகர்ந்தால் கேட்கச் சகிக்காது.

வலது காலடியில் இருக்கும் வால்யூம் பெடல் இதை இன்னும் கடினமாக்குகிறது. வாசிப்பவர் பெடலைப் பாதி மூடி மீட்டுவார்; சுரம் தேயத் தேயப் பெடலைத் திறந்துகொண்டே போவார்; கேட்பவருக்குச் சுரம் தேயாமல் நிற்பதாகத் தோன்றும். நீண்ட சுரத்தின் முடிவில் பெடல் முழுக்கத் திறந்திருக்கிறது. அந்த நிலையில் அடுத்த சுரத்தை மீட்டினால், முந்தையதைவிட 12 டெசிபெல் உயரத்தில் வந்து மோதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 டெசிபெல் என்றால் 16 மடங்கு ஆற்றல். சராசரியாக 5 வாட்டில் ஓடிக்கொண்டிருந்த ஹெட் அந்தக் கணத்தில் 80 வாட் தர வேண்டும். சிறிய காபி ஷாப்பில் வாசிக்கிறவர்கள்கூட 100, 200 வாட் தேடுவது வீறாப்புக்காக இல்லை.

அதே சமயம் வாட்டைக் கண்டு மயங்கவும் கூடாது. ஆற்றலை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபெல் கூடும். காதுக்கு ‘கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது’ என்று தோன்றும், அவ்வளவுதான். இரு மடங்கு சத்தம் என்று காது ஒப்புக்கொள்ள 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். ஸ்பீக்கர்களிடையே இருக்கும் வித்தியாசமோ சுலபமாக அந்த அளவு வரும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டரில் அளந்தால் நல்ல கிதார் ஸ்பீக்கர் 97 முதல் 100 டெசிபெல் வரை தரும். வீட்டு உபயோகச் சிறு ஸ்பீக்கர் 90-ஐத் தாண்டாது. 90 டெசிபெல் ஸ்பீக்கரில் 100 வாட்டும், 100 டெசிபெல் ஸ்பீக்கரில் 10 வாட்டும் ஒரே சத்தம். இது நம்மூர் மைக் செட்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அகுஜா ஆம்ப்ளிஃபையரில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி ஊரையே எழுப்பியவர்கள் அவர்கள். எனவே கையில் இருக்கும் பணத்தை ஹெட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் பங்கு போடும்போது, ஸ்பீக்கருக்குப் பெரிய பங்கு கொடுப்பதே என் யோசனை.

ஓம் கணக்கிலும் ஒரு கண் வேண்டும். ஹெட்டின் முதுகில் ‘100 வாட், 4 ஓம்’ என்று எழுதியிருக்கும். அது 20 வோல்ட் தரவல்லது என்று அர்த்தம். 8 ஓம் ஸ்பீக்கரைக் கட்டினால் அதே 20 வோல்ட் 50 வாட்டைத்தான் தரும். விற்பனைக்கு வரும் ஒற்றை ஸ்பீக்கர் பெட்டிகளில் பெரும்பாலானவை 8 ஓம்.

எதிர்க்கோடியில் இன்னொரு பிரச்சினை. மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55, இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபெல் எல்லை. லோஹகாவ் விமானப்படைத் தளத்திலிருந்து சுகோய் கிளம்பும்போது விஷ்ராந்த்வாடியில் இந்த எண்களுக்கு அர்த்தம் இருக்கிறதா என்பது வேறு கதை. கீழ் வீட்டுக்காரர் சுகோயோடு சண்டைக்குப் போக மாட்டார், உங்களிடம்தான் வருவார். 97 டெசிபெல் ஸ்பீக்கரில், ஒரு மீட்டர் தூரத்தில் 60 டெசிபெல் கேட்க எவ்வளவு ஆற்றல் போதும் தெரியுமா? ஒரு வாட்டில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு, 0.2 மில்லிவாட்! 200 வாட் ஹெட் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த மில்லிவாட் உலகத்தில்தான் கழிக்கப் போகிறது. அங்கே அது ‘உஸ்’ என்று சத்தம் போடுகிறதா, சின்ன மின்விசிறி கிர்ரென்று சுற்றுகிறதா என்பது, அதன் உச்ச வாட்டைவிட முக்கியம். கடையில் சோதிக்கும்போது எல்லோரும் சத்தமாக வாசித்துப் பார்ப்பார்கள். வால்யூம் பெடலை முழுக்க மூடிவிட்டுக் காதை ஸ்பீக்கர் அருகே கொண்டுபோய்க் கேட்டுப் பார்ப்பது அதைவிட உபயோகம். ஹெட்போன் துளை இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது உள்ளீடு. ஸ்டீலின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பி, பல ஆயிரம் சுற்று. அதன் தூண்டல் 5 ஹென்றி என்று கொண்டால், 3,000 ஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு 94 ஆயிரம் ஓம். அதை 10 ஆயிரம் ஓம் உள்ளீடு கொண்ட, கீபோர்டுக்காக வைத்த துளையில் செருகினால் மேல்சுரங்களின் மினுமினுப்பு முழுக்கச் செத்துவிடும். பத்து லட்சம் ஓம் உள்ளீடு தேவை. வயரின் நீளமும் இங்கே பங்கு கேட்கிறது. மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்று வைத்தால், 3 மீட்டர் வயரோடு பிக்கப்பின் ஒத்ததிர்வு 4,100 ஹெர்ட்ஸ் பக்கம். 6 மீட்டரில் அது 2,900-க்கு இறங்கிவிடும். காயிலின் சொந்தக் கெபாசிட்டன்ஸைச் சேர்த்தால் எண்கள் இன்னும் இறங்கும். வயரை மாற்றியதும் வாத்தியமே மாறிவிட்டது என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள்.

டோன் திருகுகளில் எதைப் பார்ப்பது? ஸ்டீல் வாசிப்பவர்கள் 800 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கொஞ்சம் வெட்டுவது வழக்கம். அங்கேதான் வாத்தியம் மூக்கால் பேசுகிறது. எந்த அதிர்வெண்ணில் வெட்டுவது என்று நகர்த்தக்கூடிய ‘மிட்’ திருகு இருக்கும் ஹெட் நல்லது. பேஸ் கிதாருக்கான டி கிளாஸ் ஹெட்டுகளில் இது பெரும்பாலும் இருக்கும், திணறாத பலமும் இருக்கும். அதனால் ஸ்டீல் வாசிப்பவர்கள் பலர் பேஸ் ஹெட்டையே வாங்கிவிடுகிறார்கள். அதில் ரிவர்ப், அதாவது பெரிய கூடத்தில் ஒலிப்பது போன்ற எதிரொலி, இருக்காது. ரிவர்ப் இல்லாத பெடல் ஸ்டீல் உப்பில்லாத ரசம் என்பதால், தனியே ஒரு சின்ன ரிவர்ப் பெட்டி சேர்ந்துகொள்ளும்.

வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வருவதாக இருந்தால், பின்பக்கம் 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். 120 வோல்ட் மட்டும் என்றால் இங்கே ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டிவரும். நாலு கிலோ இரும்பு வேறு வழியாக வீட்டுக்குள் வந்துவிடும்.

எர்த் விஷயத்தில் விளையாட்டே கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸில் ரேடியோ இரைச்சலை அடக்க, மின்சாரத்துக்கும் பெட்டியின் உலோகத்துக்கும் இடையே சின்னக் கெபாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். எர்த் இல்லாவிட்டால் அவை 230 வோல்ட்டைப் பாதியாகப் பிரித்து, சுமார் 115 வோல்ட்டைப் பெட்டியில் ஏற்றிவைக்கும். மின்னோட்டம் மிகச் சிறிது, ஆளைக் கொல்லாது. ஆனால் இந்த வாத்தியக்காரரின் நிலைமையைப் பாருங்கள். கையில் எஃகுத் தண்டு, அது தொடுவது பெட்டியோடு இணைந்த தந்திகள், காலடியில் உலோகப் பெடல்கள். செருப்பில்லாத காலோடு மொசைக் தரையில் உட்கார்ந்தால் விர்ரென்று சுண்டும். மைக் தனி எர்த்தில் இருந்து, பாடுவதற்காக உதட்டை அதன் அருகே கொண்டுபோனால் இன்னும் மோசம். மூன்றாவது பின்னை உடைத்துப் போட்ட எக்ஸ்டென்ஷன் போர்டுகள் நம்மூர் மேடைகளில் இன்னும் சுற்றுகின்றன. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பிளக் டெஸ்டர் ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும்.

ஹெட் இளைத்த பிறகு சுமையில் பெரும்பங்கு ஸ்பீக்கர் பெட்டிதான். 1980-களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கண்டுபிடிக்கப்பட்ட நியோடிமியம் காந்தம் அங்கே கைகொடுக்கிறது. ஃபெரைட் காந்தம் வைத்த 12 அங்குல ஸ்பீக்கர் நாலு கிலோவைத் தொடும். நியோடிமியத்தில் அது பாதியாகிவிடும். விலை மட்டும் எதிர்த்திசையில் போகும்.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். பழைய இரும்பு ஆம்ப்ளிஃபையர் கெட்டால், புனேயின் தப்கீர் கல்லியிலோ சென்னை ரிச்சி தெருவிலோ பாகம் வாங்கி, சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து இரண்டு நாளில் உயிர்ப்பித்துவிடலாம். டி கிளாஸ் பலகையில் எள்ளளவு பாகங்கள். சர்க்யூட் வரைபடமும் பெரும்பாலும் கிடைக்காது. மெக்கானிக் பார்த்துவிட்டு ‘போர்டு மாத்தணும் சார்’ என்பார். போர்டு கடல் தாண்டி வர வேண்டும். உள்ளே இருக்கும் மின்பகு கெபாசிட்டர்களின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடும்போதெல்லாம் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. ஆகவே வெயில் நேரத்தில் ஹெட்டைக் கார் டிக்கியில் விட்டுவைக்கக் கூடாது. மேடை தவறக்கூடாது என்று நினைப்பவர்கள் இரண்டாவதாக ஒரு சிறிய ஹெட்டையும் பையில் போட்டுக்கொள்கிறார்கள். 29 கிலோ காலத்தில் யாரும் செய்ய நினைத்தே பார்த்திராத காரியம் அது.